அகரத்துக்குக் கிட்டார் பார்க்கப் போனோம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குக் கிட்டார் வாசித்து முடித்ததும் இடது கை விரல் நுனிகள் எரியும். சாயங்காலம் வரை மரத்துக் கிடக்கும். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டீல் கம்பியை அழுத்துறதை நிறுத்துங்க, இல்லேன்னா உணர்ச்சியே போயிரும்" என்றார். நைலான் கம்பி போட்ட கிட்டார் வாசிக்கலாமா என்று கேட்டேன். வாசித்துப் பாருங்கள், அதிலும் எரிந்தால் விட்டுவிடுங்கள் என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்குத் தெரிந்தது இரண்டே காரியம்: மில் வேலை, கிட்டார். மில் வேலையை நான் ஆசைப்பட்டுச் செய்யவில்லை.

அகரத்தில் ஒரு அக்காவிடம் கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார் இருப்பதாகப் பாடகர் குழுவில் சொன்னார்கள். வெளிநாட்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே இரண்டு கிட்டார் வாங்கியிருந்தார், ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று இருந்தார். விலையைப் போனிலேயே பேசிவிட்டோம். பார்த்துப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். வண்டியில் போகும்போதே பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம், மரம் வெடித்திருந்தால் என்ன செய்வது, கழுத்து வளைந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பக் கூட இம்புட்டு யோசிக்கலையே நீங்க" என்றாள். "முதல்ல ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வீட்டைச் சுற்றித் தென்னை. அந்த அக்கா கிட்டார் பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்தார். தூக்கினேன். என் கிட்டாரில் பாதி எடைதான் இருக்கும். அது வேறு பயமாக இருந்தது, அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடுமோ என்று. முன்பலகை தேன் நிறம். பின்பக்கம் கருஞ்சிவப்பில் கோடு கோடாக ஓடியது.

"பின்னாடி இருக்கிறது ஈட்டி மரம் தம்பி. நம்ம பக்கத்து மலையிலருந்துதான் அங்க போகுதாம்" என்றார் அக்கா.

"அப்ப ஊருக்குத் திரும்பி வந்துருச்சுன்னு சொல்லுங்க, உங்களை மாதிரியே" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கிட்டாரோடு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்விட்டேன்.

மில்லில் என் வேலை கோன் செக்கிங். நூல் சுற்றிய கோன்களை நீல விளக்குக்கு அடியில் வைத்து, வேறு நூல் கலந்திருக்கிறதா, அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். குறை இருந்தால் கையில் எடுத்து ஒதுக்குவோம். நல்ல கோனை யாரும் தொடுவதில்லை, அது தன் பாட்டுக்குப் போய்விடும். இத்தனை வருடம் அதையே செய்து என் கண் அப்படி ஆகிவிட்டது. கிட்டாரையும் அப்படித்தான் பார்த்தேன். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஓரமாகப் பார்த்தேன், வளைவு இல்லை. செல்போன் லைட்டை ஓட்டைக்குள் அடித்தேன். உள்ளே ஒட்டியிருந்த மரப்பட்டிகள் ஒழுங்காக இருந்தன, பசை வழிந்த இடம்கூட இல்லை. முன்பலகையை விரல் கணுவால் தட்டிக் கேட்டேன். எங்கும் விரிசல் விட்ட சத்தம் வரவில்லை.

கடைசியாகச் சட்டைப் பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டை எடுத்தேன். கம்பிகளின் அடிமுனையைக் கட்டியிருக்கும் மரத்துண்டை பிரிட்ஜ் என்போம். அது பலகையை விட்டுத் தூக்கியிருந்தால் காகிதம் உள்ளே போகும். டிக்கெட்டின் ஓரம் ஒரு மூலையில் நூலளவு உள்ளே போனது.

"அக்கா, இது தூக்கியிருக்கு."

"தெரியும் தம்பி. நானே சொல்லியிருக்கணும். ஒரு கிறிஸ்மஸுக்கு இங்க பாட்டுக்காரங்க கேட்டாங்கன்னு கொடுத்தேன். சத்தம் பத்தலன்னு நைலானைக் கழட்டிட்டு ஸ்டீல் கம்பியைக் கட்டி இழுத்துட்டாங்க. திரும்பி வந்தப்ப அந்த மூலை கிளம்பியிருந்துச்சு. மறுபடி நைலான் போட்டேன், அதோட நின்னுருச்சு. பல வருசமா அம்புட்டேதான் இருக்கு."

எனக்கு அந்தப் பாட்டுக்காரர்கள் மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எங்கள் பக்கம் கிட்டார் என்றால் ஸ்டீல் கம்பிதான். ஆனால் நின்றது நிற்குமா? நாளைக்கு வெயிலில் இன்னும் கிளம்பினால்? டிக்கெட்டை எடுத்து மறுபடி நுழைத்துப் பார்த்தேன். மறுபடியும்.

"ஏங்க, செத்த நேரம் அந்த டிக்கெட்ட உள்ள வைங்க" என்றாள் மனைவி. "வந்ததுலருந்து ஒரு பாட்டு வாசிச்சீங்களா?"

வாசிக்கவில்லை. அந்த எண்ணமே வரவில்லை.

உட்கார்ந்து வழக்கம்போல் கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் பிக்கை எடுத்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்துவிட்டார். "ஐயோ, அது வேணாம். பலகையில கோடு விழுந்துரும். விரலால வாசிங்க." பூசையில் அப்பம் வாங்கும் நேரத்தில், நன்மைக்குப் பாடும் ஒரு மெதுவான பாட்டை விரலால் தொட்டேன். கழுத்து அகலமாக இருந்ததால் முதலில் விரல்கள் தடுமாறின. கம்பியை அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, வைத்தால் போதுமாக இருந்தது. தடித்த கம்பியின் சத்தம் என் நெஞ்சுக்குள் வந்து நின்று, அடுத்ததை நான் தொட்ட பிறகுதான் போனது. ஒரு பாட்டு இரண்டாகி, எத்தனை ஆனதோ. நிறுத்தியபோது கையை உதறப் போனேன், பழக்கம். உதற ஒன்றும் இல்லை. விரல் எரியவில்லை.

"ஆனா தம்பி, ஞாயித்துக்கிழமை கீபோர்டு, டிரம் பேட் நடுவுல இது கேக்காது" என்றார் அக்கா. "மைக் வச்சாலும் இது இதா இருக்காது. அதையும் யோசிச்சுக்கங்க."

பிரிட்ஜை விட அதுதான் பெரிய குறை. ஞாயிறு குழுவில் வேறு ஒருவர் உட்கார வேண்டும், நான் கீழே பெஞ்சில் உட்கார வேண்டும். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இதை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்கு ஞாயிறும் இல்லை, மற்ற நாளும் இல்லை. கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துக் கொக்கியைப் போட்டேன். "எடுத்துக்கிறேன்க்கா" என்று நான் சொன்னது எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

சாதாரண நாள் காலைப் பூசைக்கு வாத்தியம் கிடையாது. சாமியாரிடம் கேட்டு, காலையில் வேலை இல்லாத இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் ஒரு நாள் வாசித்தேன். பத்துப் பேர்கூட இல்லை. முடிந்ததும் வாசலில் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வரை கேட்டதா?

"மூணாவது பெஞ்சு வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு" என்றாள். "அதுக்கு அங்கிட்டு ஆளே இல்ல."