இருபத்திரண்டு பேர்

பேட்டரியைச் சுமந்துகொண்டு அவர் படியிறங்கும்போது யாரும் எதிரே வரக்கூடாது. வந்தாலும் பேசக்கூடாது. மூன்று மாடி. இருபது கிலோவுக்குக் குறையாத கனம். ஏதோ ஓட்டலின் முத்திரை போட்ட பழைய தலையணை உறைக்குள் அதைப் போட்டு, மார்போடு அணைத்து, ஒவ்வொரு படியையும் காலால் தொட்டுப் பார்த்து இறங்குவார். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் வேன்காரம்மா. எதிர் வீட்டில் இருந்துகொண்டு, அச்சுக்குப் போகிற புத்தகங்களில் பிழை திருத்திப் பிழைக்கிற எனக்கும் அப்படித்தான்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, வேனுக்கு இருபத்தாறு. சலவை நிலையத்திலிருந்து ஓட்டல்களுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டு அழுக்கை அள்ளிவருவது தொழில். முதலில் கணவர்தான் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது சாவி இவர் கைக்கு வந்தது, வேனுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்குக் கணவர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். அரை மணி தாமதமானால் அந்த இடத்தில் அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். பிறகு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால், டீசலே உறைந்துபோகிற எங்கள் ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் அந்த வீட்டில் வேன் வைத்ததுதான் சட்டம். மாலையில் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பார். கணவரின் நாற்காலிக்கு இரண்டாவது இடம்தான். "நீங்க ஸ்வெட்டர் போட்டுக்கலாம், அதுக்கு நான் எங்க போயி ஸ்வெட்டர் வாங்குறது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார், கணவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கீழே என்ஜின்மேல் ஓட்டல்காரர்கள் தூக்கிப் போட்ட இரண்டு மெத்தைப் போர்வைகள். டீசல் டேங்க் எப்போதும் நிறைந்திருக்கும். பாதி காலியாக இருந்தால் உள்ளே நீர் கோத்து உறைந்துவிடுமாம்.

ஆனால் அவருடைய உண்மையான வித்தை சாவியில்தான் இருந்தது. டீசல் என்ஜின் குளிரில் பற்ற வேண்டுமென்றால், முதலில் சாவியைப் பாதி திருப்பி உள்ளேயிருக்கும் ஹீட்டரைச் சூடேற்ற வேண்டும். போதுமான சூடு வந்ததும் எதிரே ஒரு மஞ்சள் விளக்கு அணையும். இந்த வேனில் அந்த விளக்கு செத்துப் பல வருடமாகிறது. கணவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். இவர் ஆட்களை எண்ணுகிறார். தன் கல்யாணப் படத்தில் கணவர் பக்கத்துச் சொந்தம் என்று நிற்கிறவர்களை இடமிருந்து வலமாக, ஆளுக்கொரு மூச்சாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். மாமனார், மாமியார், பெரிய மாமனார், மூத்த கொழுந்தன் என்று போய், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாவில் முடியும். மொத்தம் இருபத்திரண்டு பேர். சித்தப்பா வந்ததும் சாவியை முழுக்கத் திருப்புவார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். "நம்பரா எண்ணினா கை அவசரப்படுது தம்பி. பத்துலயே இருபதுக்குத் தாவிடும். ஆளுங்கன்னா அப்படித் தாவ முடியாதே. ஒருத்தரை விட்டாலும் கோவிச்சுக்குவாங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த வருடம் மூன்று வாரமாக வண்டி ஒரே சாவியில் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையில்தான் முனகிக்கொண்டு எழுந்தது. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார். மெக்கானிக் வந்து பார்த்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அதே மூன்று வாரமாக வேன்காரம்மா வேறொரு விஷயத்திலும் பொருமிக்கொண்டிருந்தார். கணவரின் அக்கா போனில் பேசும்போது, நீ வருஷக்கணக்கில் உப்பை அள்ளிக் கொட்டி ஆக்கிப் போட்டதில்தான் என் தம்பிக்கு இப்படி ஆயிற்று என்று சொல்லிவிட்டாராம். போனை வைத்தவர் அதற்குப் பிறகு நாத்தனார் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது எடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

அந்தத் திங்கட்கிழமை குளிர் மைனஸ் பத்தொன்பது. வாரத்தில் திங்கள்தான் மோசமான நாள். வெள்ளிக்குப் பிறகு சேர்ந்த நீரெல்லாம் உடம்பிலேயே நிற்கும். அதிகாலையில் என் கதவைத் தட்டினார். கணவர் இரவெல்லாம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். கால்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. மூச்சு மேல்மூச்சாக வாங்கிக்கொண்டிருந்தது. டாக்சிக்குப் போன் செய்ததில் ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், நினைவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றதும் வரிசையில் இருங்கள் என்றார்கள்.

வழக்கமாக என்ஜின் ஓடி வண்டிக்குள் கொஞ்சம் சூடு பரவிய பிறகே கணவரை இறக்குவார். அன்று மூன்று மாடிக்கு எவ்வளவு நேரமாகுமோ என்று பயந்து முதலில் கணவரைத்தான் இறக்கினோம். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, மூன்று படிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தோம். அவரை முன் இருக்கையில் உட்காரவைத்தேன். வேன்காரம்மா மறுபடி மேலே ஓடிப் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். நான் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரப் பயணம்.

"மூணு தடவைதான் தம்பி. அதுக்கு மேல பேட்டரி தாங்காது" என்றார்.

சாவியைப் பாதி திருப்பினார். உதடுகள் அசைந்தன. முழுக்கத் திருப்பியதும் என்ஜின் கனமாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. பின்னால் வெள்ளைப் புகை. இரண்டு நிமிடம் பொறுத்து இரண்டாவது தடவை. இந்த முறை சுற்றே தளர்ந்துபோய்ப் பாதியில் அடங்கியது. வண்டிக்குள் கணவருடைய மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது ஒரு மாதிரி கொழகொழவென்று இருந்தது. வேன்காரம்மா கையுறையைக் கழற்றி வாயருகே கையை வைத்து ஊதிக்கொண்டார்.

மூன்றாவது தடவைக்குச் சாவியில் கை வைத்தபோது கணவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அக்கா வீட்டை... விட்டுட்ட."

"என்னங்க? பேசாதீங்க, மூச்சு வாங்குது."

"எண்ணுறப்ப." விரல்களை விரித்துக் காட்டினார். "அஞ்சு பேர்."

படத்தில் நாத்தனார் இருக்கிறார், நாத்தனாரின் கணவர் இருக்கிறார், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். காலங்காத்தால அந்த மூஞ்சியை நினைக்க வேண்டாம் என்று ஐந்து பேரையும் தாண்டிப் போயிருக்கிறார் வேன்காரம்மா. ஆளுக்கொரு மூச்சென்றால் ஐந்து மூச்சுச் சூடு. சாதாரணக் குளிருக்கு இரண்டாவது தடவையில் சமாளித்த வண்டி இந்தக் குளிருக்கு மசியவில்லை. மூன்று வாரமாகப் பேட்டரியையும் ஃபில்டரையும் மெக்கானிக்கையும் சந்தேகப்பட்டவர் தன் வாயைச் சந்தேகப்படவில்லை. கணவர் கீழே வருவதற்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், அன்றுவரை அந்த உதட்டசைவைப் பார்க்க அவருக்கும் வாய்ப்பில்லை.

வேன்காரம்மாவின் முகம் இறுகியது. சாவியைப் பாதி திருப்பினார். இந்த முறை உரக்கவே சொன்னார். மாமா. அத்தை. பெரிய மாமா. ஒவ்வொருவருக்கும் நின்று, மூச்சு விட்டு, அடுத்தவரிடம் போனார். மூத்த கொழுந்தனைத் தாண்டியதும் "நாத்தனார்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு அந்த வீட்டு மற்ற நாலு பேரையும் ஒருவர் விடாமல் சொன்னார். நானும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்தார்.

என்ஜின் ஒரு சுற்று, இரண்டு சுற்று வந்தது. நடுவில் ஒரு இருமல். நின்றேவிட்டது என்று நான் நினைத்த இடத்தில் பிடித்துக்கொண்டது. வண்டி மொத்தமும் ஆடியது. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வேன்காரம்மா அழவில்லை. கணவருக்கு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். உப்பியிருந்த மார்பை அது அழுத்த, அவர் மூச்சுக்குத் திணறினார். வேன்காரம்மா தன் கையை பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே நுழைத்து, முஷ்டியை மடக்கி முட்டுக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் அந்தக் கை வெளியே வந்தது. மாற்றியதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, திரும்ப உள்ளே போனது.