அம்மா தோற்று மேலேறிய சனிக்கிழமை

எழுபதுகளின் நடுவில் அம்மாவும் அப்பாவும் கப்பலேறி வந்து குடியேறிய கிளேட்டனில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர், மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷ் ஆடினார்கள். மீதிப்பேர் ஆடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா பல்கலைக்கழகத்துக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீட்டில் தனியே இருந்த அம்மா ஒருநாள், “சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதெண்டால் பந்தோட பாக்கலாம்தானே” என்று சொல்லிவிட்டுப் பழைய மட்டை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அம்மா பட்மின்ரனில் கெட்டிக்காரி. கல்யாணம், கப்பல் பயணம், நான் என்று எல்லாம் வந்த பிறகும் அந்த மணிக்கட்டு எதையும் மறந்திருக்கவில்லை.

விளையாட்டு அரங்கின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. ஆடுகிற ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் நேரே அவருடைய தர எண்; எண் கூடக்கூடப் பெயர் மேலே போகும். உச்சியில் இருக்கும் நால்வர்தான் அணியில் சேர்ந்து புதன்கிழமைகளில் மற்ற இடத்துப் பெண்களோடு மோதலாம். அம்மாவுக்கு அந்த அணியில் ஆடவேண்டும். ஆனால் புதியவர் என்பதால் அவர் பெயர் பலகையின் அடியில் கிடந்தது. பக்கத்துப் பெயர்களை எல்லாம் அவர் வென்றுகொண்டே வந்தார். எண் மட்டும் இம்மி இம்மியாகத்தான் ஏறியது.

அரங்கை நடத்திய சிவப்பு மீசைக்காரரிடம் அம்மா நியாயம் கேட்டபோது நானும் கூட நின்றேன். அவர் பொறுமையாகவே சொன்னார்: “நீ வெல்வாய் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற ஆட்டத்தை வென்றால் எண் கொஞ்சம்தான் ஏறும். உன்னைவிட மேலே இருப்பவரோடு ஆடு. வென்றால் எகிறும். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால், தோற்றாலும் ஏறும். உனக்கு ஏறுகிற அளவு அவருக்கு இறங்கும்.”

கடைசி வசனத்தில்தான் சிக்கல் இருந்தது. மேலே இருந்த பெண்களுக்கு அம்மாவின் ஆட்டமும் தெரியும், இந்தக் கணக்கும் தெரியும். அம்மா கேட்கும் நாளில் ஒருவருக்குக் கால் சுளுக்கும், இன்னொருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். “பரவாயில்லை” என்று சிரித்துவிட்டு அம்மா தனியே உள்ளே போய்ச் சுவரில் பந்தை அடிப்பார். அந்த நாட்களில் பந்தின் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

பலகையின் உச்சியில் இருந்தவர் எங்கள் தெருமுனையில் ‘மில்க் பார்’ என்கிற பால், ரொட்டிக் கடை வைத்திருந்த அன்ரி. நெடிய உருவம், சுருக்கமான பேச்சு. ஒருநாள் பால் வாங்கப் போன அம்மாவிடம் போத்தலை நீட்டியபடி, “சனிக்கிழமை மூன்று மணி. உனக்கும் எனக்கும் ஸ்குவாஷ் கோர்ட் எடுத்திருக்கிறேன்” என்றார். வீட்டுக்கு வந்தபிறகும் அம்மா அந்தப் போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை அப்பாவும் நானும் மேல்மாடத்தில் இருந்து எட்டிப் பார்த்தோம். ஸ்குவாஷ் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. “இப்ப ஆருக்குப் பொயின்ற்?” என்று ஒவ்வொரு அடிக்கும் என்னைக் கேட்டார். முதல் ஆட்டம் கடைக்கார அன்ரிக்கு. இரண்டாவதில் அம்மா பந்தை முன்சுவரின் அடியில் மெல்லத் தட்டி, அது எழும்பாமல் செத்துப்போகச் செய்யத் தொடங்கினார். அன்ரி பாய்ந்து பாய்ந்து மூச்சிரைத்தார். மாறிமாறி வென்று ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தபோது அப்பா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த அன்ரி யாருக்கும் விட்டுக்கொடுத்து ஆடுகிறவர் அல்லர். ஒன்பதுக்கு ஏழு என்று அம்மா தோற்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாங்கள் கீழே வந்தபோது மீசைக்காரர் ஒரு கடதாசித் துண்டில் கணக்குப் போட்டு முடித்திருந்தார். பலகையில் அம்மாவின் பெயரை அழித்து நான்காவது வரியில் எழுதினார். பிறகு கடைக்கார அன்ரியின் பெயரை உச்சியிலிருந்து ஒரு வரி கீழே இறக்கினார்.

“அது என்ரை பேரோ?” என்றார் அம்மா, வியர்வையைத் துடைக்கவும் மறந்து.

“ஓம், உம்மடை பேர்தான்!” என்ற அப்பாவின் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. அங்கே நின்ற எல்லோருக்கும், ஒருவர் விடாமல், “மை வைஃப்” என்று அம்மாவைக் காட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பலகையை நானே எழுதியதுபோல அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். கடைக்கார அன்ரி அம்மாவின் தோளில் தட்டி, “புதன்கிழமை பிந்தாதே” என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.

திரும்பும் வழியில் எனக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது.

“பாவம் அந்த அன்ரி. வெண்டும் இறங்கிட்டா. அவவுக்கு அந்தக் கணக்குத் தெரியாதுபோல.”

“அவவுக்கு வடிவாத் தெரியும்” என்றார் அம்மா.

“தெரிஞ்சுகொண்டு ஆராவது விளையாட வருவினமோ?”

அம்மா என் தலையைக் கோதினார். அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி அந்தக் கணக்கை விரல்விட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த அன்ரிக்கு என்ன இலாபம் என்பது மட்டும் கடைசிவரை வரவேயில்லை.