சந்தனம் வைத்த சில்லு

பண்டத்தரிப்பில் தண்ணீர்ப் பம்பு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் சிவரூபனுக்கு ஓரிடத்தில் இருக்க வராது. சாப்பாட்டில் பாதியில் எழும்பிவிடுவான். கோயிலில் தேவாரம் படிக்கும்போதும் அவன் விரல்கள் ஏதோ ஆணியைத் திருகுவதுபோல அசைந்துகொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம், அவன் கையாலேயே செய்த முழங்கை நீள ரிமோட் கார். அதை மணிக்கு நூறு கிலோமீற்றர் ஓட வைத்துவிட வேண்டும். வேறு நினைப்பே இல்லை.

மோட்டாரை மாற்றினான். பல்சக்கரத்தை மாற்றினான். காற்று அடியில் புகுந்து தூக்காதபடி காரை நிலத்தோடு நிலமாக இறக்கினான். தொண்ணூறைத் தாண்டியது, நூற்றுக்கு மட்டும் மசியவில்லை. ஒருநாள் அதிலேயே கிடந்து, மகள் பிரசாந்தியை ரியூசனிலிருந்து கூட்டிவர மறந்துபோனான். பிள்ளை மழையில் தெப்பமாக நனைந்து வந்தாள். மனைவி உதயகலா ஏசவில்லை. சாமியறையில் கற்பூரம் கொளுத்தினாள்.

"இதிலை அடிச்சுச் சொல்லுங்கோ. உந்தக் காரை எப்ப விடுவியள்?"

"வாற சனிக்கிழமை நூறு ஓடாட்டி, பிறகு தொடமாட்டன்."

கற்பூரத்தில் அடித்த சத்தியத்தை மீறுகிற ஆள் அவன் அல்லன். அது அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை விடியவே இருவரும் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனார்கள். பூசை செய்யாமல் வாகனத்தைத் தெருவில் இறக்க உதயகலா விடமாட்டாள். சக்கரத்தடியில் வைக்கும் எலுமிச்சங்காயைக் கையில் எடுத்த ஐயர் காரைப் பார்த்துச் சிரித்தார்.

"தேசிக்காய் ரயரை விடப் பெரிசாக் கிடக்கே தம்பி. ஏறி மிதிக்குமோ?"

"பிரண்டு போகும் ஐயா. சும்மா முன்னாலை வைச்சு எடுங்கோ."

ஐயருடையது பஸ்ஸுக்கும் லொறிக்கும் பழகிய கை. அதே அளவில் நாலு சில்லிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தார். அர்ச்சனைச் சந்தனத்தை இலையில் மடித்து உதயகலாவிடம் கொடுத்தார்.

பொன்னாலையிலிருந்து காரைநகருக்குக் கடல் நடுவே போகும் நேர்த்தெருவில் லெனாட் காத்திருந்தான். குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவன். இதே பைத்தியம் பிடித்த கூட்டாளி. வேகம் காட்டும் சின்னக் கருவியைக் காரில் ஒட்டிவிட்டான்.

கார் பாய்ந்தது. வேகம் ஏற ஏற நடுங்கி, தெருவோரக் கல்லை உரசி நின்றது. எண்பத்தாறு. பற்றரியில் இன்னுமொரு ஓட்டத்துக்குத்தான் சார்ஜ் இருந்தது.

லெனாட் சில்லைச் சுழற்றிப் பார்த்தான். "மச்சான், ஒரு பக்கம் பாரமடா. சந்தனம் கட்டியாக் காஞ்சு போச்சு. சுரண்டி விடு."

"சாமி பேரிலை வைச்சதைச் சுரண்டுறதோ? பேய்க்கதை கதையாதை."

"எங்கடை சேர்ச்சுப் பாதரும் என்ரை காருக்குத் தீர்த்தம் தெளிச்சவர்தான். அது காஞ்சு பறந்திட்டுது. உங்கடை ஐயர் கொஞ்சம் தாராளம்."

உதயகலா சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிவரூபன் கடலைப் பார்த்து நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். சுரண்டினால் பாவம். சுரண்டாவிட்டால் இன்றோடு கார் இல்லை.

"கலா, அந்த இலையைத் தாரும்."

சில்லைக் கழற்றி ஆணியில் கோத்தான். பாரமான பக்கம் கீழே இறங்கி நின்றது. நேரெதிர்ப் பக்கத்தில் ஒரு கிள்ளுச் சந்தனம் வைத்து, காற்றில் காயவிட்டுச் சுழற்றினான். கூடிப்போனது. நகநுனியால் கொஞ்சம் எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டான். எந்தப் பக்கமும் சாயாமல் சில்லு நிற்கும்வரை விடவில்லை. நாலு சில்லுக்கும் அப்படியே.

"அந்தப் பக்கமும் பூசை, இந்தப் பக்கமும் பூசை," என்றான் லெனாட்.

இந்த முறை நடுக்கமில்லை. ஒரு இரைச்சல், அவ்வளவுதான். சிவரூபன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். உதயகலாதான் போய்க் காரைத் தூக்கிவந்தாள்.

"நூற்றிநாலு," என்றாள்.

அவன் காரை வாங்கி மோட்டாரில் விரலை வைத்தான். "பெரிய சூடு இல்லையடா லெனாட். பல்சக்கரத்திலை இன்னுமொரு பல்லுக் கூட்டலாம்."

உதயகலா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தோத்தா விடுவியள் எண்டுதான் சத்தியம் வாங்கினன். வெண்டா என்ன செய்வியள் எண்டு கேக்காமல் விட்டிட்டன்."

அவன் ஓம் என்று தலையாட்டினான். கை திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தது.