இடக்கைப் பக்கத்து மோட்டார்

மார்கழிக் காலைகளில், மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால், நாச்சியம்மாள் தன் டிவிஎஸ் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் பெட்ரோல் தீர்ந்துபோச்சுங்களா என்று கேட்பார்கள். இல்லீங்க, சும்மா என்பாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பனிக்குள் எதையோ கேட்டுவிட்டு, பெடலை மிதித்துக் கிளம்பிவிடுவாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு ஸ்டோர்ஸில் வேலை. போகிற வழி முழுக்கத் தார் ரோடு, தெருவிளக்கு. வழி தவற வாய்ப்பே இல்லை. ஆனாலும் பனி இறங்கிவிட்டால் காது கொடுத்துக் கேட்காமல் ஒரு திருப்பத்தையும் அவளால் திரும்ப முடியாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

தொண்ணூற்று நான்காம் வருடத்து மார்கழி. வேலாங்காட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். ஊருக்குள் வரும் டவுன் பஸ் மில் ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே போய்விடும். அடுத்த பஸ் வரும்போது பள்ளியில் முதல் பீரியடு முடிந்திருக்கும். அதனால் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். முன்னால் நாச்சியம்மாள். கடைசியில், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள, அவள் வகுப்புத் தோழி உஸ்மா. நடுவில் ஆறாவது படிக்கும் அக்ஷயாவும் இன்னும் சில வாண்டுகளும்.

வேலாங்காட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் பத்தாவது பரீட்சை எழுதியதில்லை. எட்டாவது முடிந்தால் மில்லுக்குப் போவதுதான் வழக்கம். நாச்சியம்மாளின் தாய்மாமன் ஒரு மில்லில் சொல்லி வைத்திருந்தார். அவளுடைய அப்பா பாலுசாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"படிக்கறதுக்கு நான் குறுக்க நிக்கலீங்க அம்மணி. காட்டு வழிதான் ரோசனையா இருக்குது. இந்தப் பனி முடியற வரைக்கும் பாக்கறேன். ஒரு பிராது வந்துதுன்னா, பொங்கல் கழிச்சு மாமன் சொன்ன எடத்துக்குத்தான் போகோணும்."

"பிராது வராதுங்கப்பா" என்றாள் நாச்சியம்மாள். அவள் குரலில் சந்தேகமே இல்லை.

அந்தக் குரலை நம்பித்தான் அக்ஷயாவின் அம்மா சென்னியம்மாளும் மகளை ஆறாம் வகுப்புக்கு அனுப்பியிருந்தார். நாச்சி கூட்டிப்போனால் போகட்டும், இல்லாவிட்டால் ஐந்தாவதே போதும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்.

ஊரிலிருந்து கிளம்பினால் முதலில் இட்டேரி வரும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த, ஒரு வண்டி போகிற அகலமுள்ள பாதை. அதில் கண்ணை மூடிக்கொண்டும் நடக்கலாம். ஆனால் அந்த இட்டேரி ஒரு பாறைக்காட்டில் போய் முடிந்துவிடும். ஆடு மேய்கிற வெட்டவெளி அது. பாதை என்று ஒன்றும் கிடையாது, எங்கே பார்த்தாலும் ஆட்டுத்தடம். அதைக் கடந்தால்தான் கிழக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகும் அடுத்த இட்டேரியின் வாய். மற்ற நாட்களில் அங்கே நிற்கும் ஒற்றைப் பனைமரத்தைப் பார்த்து நடந்தால் போதும். குருடி மலையிலிருந்து பனி இறங்கிவிட்டால் மரமும் தெரியாது, முன்னால் போகிறவள் சடையும் தெரியாது.

அதற்கு நாச்சியம்மாள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பாறைக்காட்டுக்கு வடக்கே பெரியதோட்டம் என்று ஒரு தோட்டம். காலையில் அதன் கிணற்று மோட்டார் ஓடும். அந்தச் சத்தத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் நேராகப் பள்ளிக்கூட இட்டேரியின் வாயில் கொண்டுபோய் நிறுத்தும். பனி தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் போனார்கள். ஒரு நாளும் தவறவில்லை. வாண்டுகள் அவளை ஏதோ மந்திரம் தெரிந்தவள் போலப் பார்த்தார்கள். அவளும் அந்த மந்திரத்தை யாருக்கும் சொல்லவில்லை, உஸ்மாவைத் தவிர.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டார் ஓட்டும் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வடக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் காலையில் என்றால் தெற்குப் பக்கத்துக்கு ராத்திரி. சில வாரம் போனால் மாற்றிவிடுவார்கள். வடக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இல்லை. பொங்கல் நெருங்கிய ஒரு சாயங்காலம், ராத்திரியில் பயிருக்குத் தண்ணீர் கட்டக் கிளம்பிய அப்பாவிடம் டார்ச் லைட்டையும் தூக்குப்போசியில் காப்பியையும் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். ஆனால் தண்ணீர் கட்டுவது அப்பாவின் காரியம், பள்ளிக்கூடம் போவது தன்னுடைய காரியம். இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பாறைக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது பனி பாலாக நின்றது.

"அக்கா, ஒரு நிமிசமுங்க்கா" என்று அக்ஷயா உட்கார்ந்துவிட்டாள். "இங்க பாருங்க, எத்தன பூளைப்பூ."

"நாளான்னிக்குத்தான காப்புக் கட்டு? அதுக்குள்ள வாடிப்போயிரும், எந்திரி."

"வாடாதுங்க்கா. தொட்டித் தண்ணியில போட்டு வெச்சா நிக்கும்."

பொங்கலுக்கு முதல் நாள் வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் வேப்பிலையோடு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். யார் வீட்டுக் கொத்து பெரியது என்று பிள்ளைகளுக்குள் போட்டி வேறு.

"பறிக்கட்டும் உடு புள்ள" என்றாள் உஸ்மா. முக்காட்டுக்கு மேல் அவளுடைய அப்பாவின் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டிருந்தாள். "எங்களுக்கும் ஒரு கொத்து வேணும். போன வருசம் எங்கத்தா லேத்துப் பட்டறைக் கதவுல கட்டுனாரு. வருசம் பூரா வேலை ஒழியவே இல்ல."

"அந்தக் குல்லாவக் கழட்டிப்போட்டுப் பேசு. பூச்சாண்டியாட்ட இருக்கற."

"கழட்டுனா எனக்குக் காது போயிரும். காது போனா நீ யாருகிட்ட அதிகாரம் பண்ணுவ?"

ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து பறித்தார்கள். நாச்சியம்மாளும் இரண்டு கொத்து பறித்தாள். நிமிர்ந்து பார்த்தால் நான்கு பக்கமும் ஒரே வெள்ளை. எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் பதறவில்லை.

"யாரும் பேசாதீங்க. மூச்சுக்கூட உடாதீங்க."

தூரத்தில் ஒரு மோட்டார் இரைந்தது. அந்தச் சத்தம் இடது காதில் விழும்வரை நின்ற இடத்திலேயே திரும்பினாள். "அதா. நடங்க."

கொஞ்ச தூரம் போனதும் அக்ஷயா சொன்னாள்: "அக்கா, இது எங்க ஊட்டு மோட்டாராட்ட கேக்குதுங்க்கா."

"உங்க ஊட்டு மோட்டாரு ராத்திரிதான கண்ணு ஓடும். பேசாம வா."

"இல்லீங்க்கா. எங்களுது நடுவால நடுவால இருமும்."

"இந்தப் பனியில எல்லா மோட்டாரும் இருமத்தான் செய்யும்" என்றாள் பின்னாலிருந்து உஸ்மா. பிள்ளைகள் சிரித்தார்கள். நாச்சியம்மாள் நடையை எட்டிப் போட்டாள்.

இட்டேரியின் வாய் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. காலடியில் தரை ஏற்றமாக இருந்தது. பள்ளிக்கூட வழி இறக்கம். அடுத்த அடியில் ஈரமான ஏதோ ஒன்று முகத்தில் உரசியது. சோளத்தோகை.

"ஏம்புள்ள, பள்ளிக்கூடத்துல எப்பச் சோளம் வெதச்சாங்க?" என்று கேட்ட உஸ்மா, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவள் பார்த்த இடத்தை நாச்சியம்மாளும் பார்த்தாள். சோளப்பயிர் பாய் விரித்தது போல மிதிபட்டுக் கிடந்தது. நடுவில் யானைச் சாணம், கூடை கவிழ்த்த மாதிரி. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாண்டுகள் இன்னும் கவனிக்கவில்லை.

கிழக்கே போகவேண்டியவர்கள் மேற்கே, மலையடிவாரத்துக்கு வந்திருக்கிறோம் என்று நாச்சியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் தன் கையால் எடுத்துக் கொடுத்த டார்ச் லைட் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரண்ட் மாறிவிட்டது. இது வடக்கு மோட்டார் இல்லை. அக்ஷயா சொன்னது சரி.

திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பின்னால் வெட்டவெளி. யானை எந்தப் பக்கம் நிற்கிறதோ தெரியாது. காலுக்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே சுவரும் கதவும் உள்ள ஒரு ரூம் இருக்கும்.

"ஒரு வெளையாட்டு" என்றாள் மெதுவாக. "முன்னால போறவங்க பைய எல்லாரும் புடிச்சுக்கோங்க. பேசறவங்க தோத்தாங்க. வாய்க்கால உட்டு யாரும் காலை எடுக்கக்கூடாது."

வாய்க்காலோடு தண்ணீர் வரும் திசைக்கு நடந்தார்கள். சோளம் அசைந்த இடமெல்லாம் யானை நிற்பது போலவே அவளுக்குத் தெரிந்தது. நடையின் வேகத்தை மட்டும் மாற்றவில்லை. தலைவி ஓடினால் பிள்ளைகளும் ஓடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மோட்டார் சத்தம் வளர்ந்துகொண்டே வந்தது. உண்மையிலேயே நடுநடுவே இருமியது.

மோட்டார் ரூமின் சுவர் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதன் பக்கத்தில் தலையில் சோளத்தட்டுக் கட்டோடு சென்னியம்மாள் நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மணிகளா, பள்ளிக்கூடத்த எங்க தோட்டத்துக்கு மாத்திப்போட்டாங்களா?"

"நாஞ் சொன்னனுங்க்கா, எங்க மோட்டாருன்னு" என்றாள் அக்ஷயா. பேசினதால் அவள் தோற்றுப்போனாள் என்று ஒரு வாண்டு கூவியது.

எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டதும் சென்னியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தச் சோளத்துலயா? விடியறப்பத்தானே ரெண்டு ஆனைய பட்டாசு போட்டு மலைக்குத் தாட்டி உட்டோம்." தட்டுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் அவரே பள்ளிக்கூட இட்டேரியின் வாய் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். திரும்பும்போது நாச்சியம்மாளிடம் சொன்னார்: "சாயங்காலம் உங்கப்பனப் பாத்துப் பேசோணும்."

அன்றைக்குப் பள்ளியில் என்ன பாடம் நடந்தது என்று நாச்சியம்மாளுக்குத் தெரியாது.

"நான் வேணா வந்து சொல்றேன் புள்ள. எங்கத்தா குல்லாதான் வழிய மறைச்சுதுன்னு" என்றாள் உஸ்மா.

"வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

வீட்டுக்கு வந்தபோது சென்னியம்மாள் ஏற்கெனவே வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாலுசாமி நின்றுகொண்டிருந்தார். ராத்திரி முழித்த கண் சிவந்திருந்தது.

"கேட்டதெல்லாம் நெசமுங்களா அம்மணி?"

"நெசந்தானுங்கப்பா." பையைக் கீழே வைக்காமலே பேசினாள். "நான் வழி தப்பலீங்க. மோட்டார் தப்பிப்போச்சு. பெரியதோட்டத்து மோட்டார இடக்கைப் பக்கம் வெச்சுத்தான் பனியில நடக்கறது. நேத்துக் கரண்ட் மாறுனத மனசுல வாங்காம உட்டுப்போட்டேன். அது என் தப்பு. அக்ஷயா சொன்னா, அவ பேச்சயும் கேக்கல. அதுவும் என் தப்பு. முறை எப்ப மாறுதுன்னு தெரிஞ்சா இனி தப்பாதுங்க."

பாலுசாமி மகளை உற்றுப் பார்த்தார். "மோட்டார் சத்தத்த வெச்சா இத்தன நாளா இந்தப் பொடுசுகளக் கூட்டிப் போறீங்க?"

"ஆமாங்கப்பா."

"அது செரி" என்று சென்னியம்மாள் குறுக்கே வந்தார். "ஆனை நின்னிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அதுக்குத்தானுங்க வாய்க்காலோட உங்க மோட்டார் ரூமுக்கு வந்தது. திரும்பி ஓடியிருந்தா ஆளுக்கொரு பக்கம் போயிருப்பாங்க."

சென்னியம்மாள் பாலுசாமியைப் பார்த்து, "ஏந்தம்பி, கரண்ட் மாறுனது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்தப் புள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு நம்ம ரெண்டு பேருக்குந் தோணல பாரு" என்றார். எழுந்து சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார். அக்ஷயா நாளைக்கு வருவாளா மாட்டாளா என்று சொல்லவில்லை. பாலுசாமியும் மில்லைப் பற்றிப் பேசவில்லை.

காப்புக் கட்டு அன்றைக்கு மாமன் வந்தார். பொங்கல் கழித்து எப்போது அழைத்துப் போகட்டும் என்று கேட்டார். வாசல் கூரையில் பூளைப்பூவைச் செருகிக்கொண்டிருந்த பாலுசாமி திரும்பாமலே பதில் சொன்னார்.

"அது ஆகாதுங்க மாப்ள. அவ முன்னால நடந்தாத்தான் மத்ததுக பள்ளிக்கூடம் போகுது. அவள நிறுத்துனா ஊர்ல எல்லாப் புள்ளைகளையும் நிறுத்தோணும். அத்தன பேருக்கு நான் சமாதானம் சொல்ல முடியாது."

உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்த நாச்சியம்மாள் அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் தாராளமாகவே போட்டாள்.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கும் பனி விடவில்லை. கிளம்பும்போது, ராத்திரித் தண்ணீர் கட்டிவிட்டுக் காலில் சேறோடு வந்த பாலுசாமி வாசலில் நின்று சொன்னார்: "அம்மணி, நம்ம பக்கம் இன்னும் ராத்திரி முறைதானுங்க." நாச்சியம்மாள் தலையாட்டினாள். வேலி முக்கில் உஸ்மா குல்லாவோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்ஷயாவும் நின்றாள்.

பாறைக்காட்டில் எல்லாரும் நின்றார்கள். நாச்சியம்மாள் தலையைச் சாய்த்தாள். தூரத்தில் மோட்டார் ஒருமுறை இருமியது. அந்தச் சத்தம் வலப்பக்கம் வருமாறு அவள் திரும்புவதற்குள், அந்த வெள்ளைக்குள்ளிருந்து சென்னியம்மாளின் குரல் நீளமாக வந்தது.

"நாச்சீ... இது எங்க மோட்டாரு... சோத்துக்கைப் பக்கம் வெச்சுப் போங்க கண்ணு..."

"தெரியுமுங்கோ" என்று இவர்கள் அத்தனை பேரும் திருப்பிக் கத்தினார்கள். அந்தப் பனிக்காலம் முடியும்வரை, தெற்கு மோட்டார் காலையில் ஓடிய நாளெல்லாம், அந்தக் குரல் வரத் தவறவில்லை.