வசந்திக்கு ஒரு ஃபிளெக்ஸ்

போன வாரம் நெடுங்காடு கடைத்தெருவில், பட்டப்பகலில், ஏணி மேல் நின்று ஒரு ஃபிளெக்ஸ் போர்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். போர்டில் சிரித்துக்கொண்டிருந்தது என் மனைவி வசந்தி.

எதிர் டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் பக்கம் ஃபிளெக்ஸ் வைத்தால் அது வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிந்து, தானாகத்தான் போக வேண்டும். பாதியில் கழற்றினால் இரண்டே அர்த்தம்தான் – கோர்ட் உத்தரவு, இல்லையென்றால் குடும்பச் சண்டை.

"என்னங்க சார், வீட்ல எதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார் டீக்கடைக்காரர், ரொம்பப் பக்குவமாக.

பிரச்சனைதான். அது ஏணி மேல் நின்றுகொண்டிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். வசந்தி காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். ஆட்குறைப்பில் வேலை போனது. கொஞ்ச நாள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நெட்வொர்க்கிங் படிக்க உட்கார்ந்தாள். பிறகு லினக்ஸ். பிறகு சைபர் செக்யூரிட்டி. குக்கர் விசிலுக்கு நடுவே வீடியோ பாடம், துணி மடிக்கும்போது காதில் லெக்சர். சர்டிபிகேஷன் பரீட்சையில் முதல் தடவை ஃபெயில். அடுத்த தடவை பாஸ்.

பாஸ் செய்தால் வேலை வந்துவிடுமா என்ன? "இந்த வயசுல ஃப்ரெஷரா மேடம்?" என்று கேட்காத கம்பெனி இல்லை. சர்டிபிகேட்டை மட்டும் நீட்டினால் ஆகாது என்று புரிந்துகொண்டு, வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர்களில் சின்னதாக ஒரு லேப் அமைத்தாள். தானே தாக்கினாள், தானே தடுத்தாள், செய்ததையெல்லாம் எழுதி இணையத்தில் வைத்தாள். அதைப் பார்த்துத்தான் சென்னைக் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் ப்ரொபேஷன். வீட்டிலிருந்தே வேலை.

என்ன வேலை? வாடிக்கையாளர் கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் ஏதாவது சந்தேகமாக நடந்தால் இவள் ஸ்கிரீனில் எச்சரிக்கை வரும். வந்தது திருடனா, வெறும் பூனையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். யார் வீட்டைக் காவல் காக்கிறோம் என்பதே வெளியே தெரியக் கூடாது.

"என்னங்க, நான் வேலைல இருக்கறப்ப ரூமுக்குள்ள வராதீங்க. கம்பெனி ரூல்."

"புருஷனுக்குமா?"

"புருஷனுக்கும்தான்."

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் ஒருநாள் கதவு லேசாகத் திறந்திருந்தது. காதில் ஹெட்போன், எதிரே ஸ்கிரீன் நிறைய கோடும் கட்டமும், நடுவில் என் வசந்தி. நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் பக்கவாட்டில் திரும்பி எதற்கோ சிரித்த நொடியில், சத்தமில்லாமல் ஒரு போட்டோ எடுத்தேன். 'எங்க வீட்டு சைபர் போலீஸ்!' என்று எழுதி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பாரிஸில் இருக்கும் சித்தப்பா வரைக்கும் கைதட்டினார்கள்.

வசந்தியின் தம்பி குமார் அதோடு விடவில்லை. நெடுங்காட்டில் அவன் மகளுக்குக் காதணி விழா. அந்த விழா ஃபிளெக்ஸுக்குப் பக்கத்திலேயே அக்காவுக்கும் தனியாக ஒன்று. "பெருசா அடிக்கணும் மாமா, தெளிவா இருக்கற போட்டோவா அனுப்புங்க" என்றான். ஒரிஜினலையே அனுப்பினேன். பின்னணியில் ஒரு சிங்கம், ஒரு பூட்டு, மேலே 'சைபர் சிங்கப்பெண்ணே!'.

நான் தடுத்தேனா? அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து முகநூலில் வேறு போட்டேன். உங்களில் பலர் லைக் போட்டீர்கள். அன்றைக்கு நன்றி சொன்னேன். இன்றைக்கு அந்த நன்றியை நினைத்தாலே கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை வசந்தியின் லாகின் திறக்கவில்லை.

போனில் எறும்பு சைஸில் இருந்த எழுத்தெல்லாம் ஃபிளெக்ஸில் எருமை சைஸுக்கு வளர்ந்திருந்தது. ஸ்கிரீனில் வாடிக்கையாளர் கம்பெனியின் பெயர், கீழே வசந்தியின் லாகின் பெயர். என் செல்ஃபியில் இரண்டையும் கண்ணாடி போடாமலே படிக்கலாம். யாரோ பார்த்து, யாருக்கோ அனுப்பி, கடைசியில் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

வீடியோ காலில் விசாரணை. "படத்தை எடுத்தது என் கணவர். கதவைச் சாத்தாதது நான்" என்றாள் வசந்தி. என்னையும் கூப்பிட்டார்கள். என் மகன் வயதில் ஓர் அதிகாரி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "சார், இந்த மாதிரி விஷயத்துல உங்களுக்கு ஏதாவது விழிப்புணர்வு உண்டுங்களா?"

போன மாதம்தான், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று கூப்பிட்டார்களே என்று, காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். தலைப்பு – 'பகிரும் முன் யோசி'. பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

"கொஞ்சம்..." என்றேன். வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. முறைத்திருந்தால்கூடத் தேவலை.

கால் முடிந்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நான் ஃபெயிலானப்ப யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க. பாஸானதும் ஊருக்கே போர்டு வெச்சிட்டீங்க. ரெண்டு தடவையும் என்னைய ஒரு வார்த்த கேக்கலையேங்க" என்றாள்.

அவள் பெருமையைக் கொண்டாடுகிறேன் என்றுதான் நினைத்தேன். கொண்டாடியது என் பெருமையை. அவள் எழுதிய பரீட்சைக்கு நான் மாலை போட்டுக்கொண்டேன். அதற்கு விலையாக அவள் வேலை அந்தரத்தில் தொங்கியது. உள்ளே வரத் துடிக்கும் திருடனைத் தடுக்க ஆயிரம் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆசையாக உள்ளே வருகிற புருஷனைத் தடுக்க ஒன்றாவது உண்டா?

முகநூல் பதிவை அழித்தேன். மறுநாளே நெடுங்காட்டுக்குப் போய் ஏணி ஏறினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த குமார், "கிழிச்சிராதீங்க மாமா, களத்துல நெல்லு மூட ஆவும்" என்றான். கீழே இறக்கி, ஸ்கிரீன் இருந்த இடத்தை மட்டும் பிளேடால் சதுரமாக வெட்டி எடுத்தேன். ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகக் கேட்டான்: "அக்காவுக்கு வேல போயிருமா மாமா?"

தெரியவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. வேலை இருக்கிறது. ஆனால் ப்ரொபேஷன் மறுபடி முதல் நாளிலிருந்து. இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். வசந்தி ஒரே வரியில் பதில் எழுதினாள்: 'வீட்டில் உள்ளவருக்குப் பயிற்சி அளிக்கப்படும்.'

பயிற்சி நடக்கிறது. சாயங்காலம் வகுப்பு, முடிவில் டெஸ்ட். நேற்று நான் ஃபெயில். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் காட்டி, போடலாமா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பொறுமையாகப் படித்தாள். இரண்டு பாராவை அடித்துவிட்டு, "இப்ப அனுப்புங்க" என்றாள்.

அந்த இரண்டு பாராவில் என்ன இருந்தது என்கிறீர்களா? வசந்தியைத்தான் கேட்க வேண்டும்.