நான் பிடுங்கிய ஒயர்

குருவிநத்தத்தில் கரும்பு ஏற்றும் லாரி வைத்திருக்கிறேன். போன வருடம் டேஷ்போர்டில் திரையும் பின்னால் கேமராவும் பொருத்தினேன். ரிவர்ஸ் போட்டால் பீப் பீப் என்று சத்தம் வருமே, அந்த ஒயரிலேயே கேமராவுக்கும் கரண்ட் எடுத்ததால் படம் ஆடியது. "நாளைக்கு வாண்ணா, கேமராவுக்குத் தனியா கரண்ட் வர்ற மாதிரி ரிலே போட்டுத் தரேன்" என்றார் எலக்ட்ரீஷியன். அவசரக்காரன் நான். பீப்புக்குப் போகும் ஒயரை மட்டும் நானே பிடுங்கிவிட்டேன். படம் துல்லியமாகத் தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

எங்கள் நாய் ஜிம்மி பின் சக்கரத்து நிழலில்தான் படுக்கும். பீப் கேட்டால் எழுந்து விலகிவிடும். மறுநாள் காலை திரையில் பார்த்தேன், வழி காலியாக இருந்தது. லாரிக்கு அடியில் இருப்பது கேமராவுக்குத் தெரியாது என்று எனக்கு உறைக்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

ஓடிவந்த மனைவி செத்துக் கிடந்த ஜிம்மியை மடியில் போட்டுக்கொண்டு, "சத்தம் கேட்டாத்தான அது எழுந்துக்கும்? அத்த ஏன்யா புடுங்குன?" என்று கதறினாள்.

அன்றே பீப்பை இணைத்தேன். இப்போது குனிந்து அடியில் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறுகிறேன். ரிவர்ஸ் போட்டுச் சத்தம் வந்ததும் வண்டியை நகர்த்தாமல் சற்று நேரம் காத்திருக்கிறேன், ஜிம்மி எழுந்து போகட்டும் என்று.