முதலாளிக்கு ஒரு சிறுவர் புத்தகம்

என்னிடம் கிளாரினெட் கற்றுக்கொள்ளும் முதலாளிக்கு ஐம்பது வயது. ஆரணியில் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறார்.

சென்னையிலிருந்து தானே ஒரு தடித்த பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். அதில் ஆரம்பப் பக்கங்களிலேயே மேல் ஸ்தாயி வந்துவிடும். மாதக் கணக்கில் வாத்தியம் கீச்சிட்டதே தவிர, பாடவில்லை.

போன வாரம், "நமக்கு இது வராது போலருக்கு மாஸ்டர்" என்றார்.

அவருக்கு ஏற்ற புத்தகம் என்னிடம் இருந்தது. கீழ் ஸ்வரங்களை மட்டும் வைத்தே பாட்டு வாசிக்க வைக்கும். ஆனால் அது சிறுவர்களுக்கானது. அட்டையில் தொப்பி போட்ட வாத்து. கடை நிறைய ஆட்களை வேலை வாங்குகிறவரிடம் அதை எப்படி நீட்டுவது? காக்கி அட்டை போட்டு இன்று கொடுத்தேன்.

திறந்தார். முதல் பக்கத்திலும் அதே வாத்து!

சிரித்துக்கொண்டே காக்கி அட்டையைக் கழற்றினார்.

"இத ஏன் மூடி எடுத்தாந்தீங்க? கடையிலதான் நான் முதலாளி. இங்க ஒண்ணாங்கிளாஸ்தானே?"

பிறகு வாசித்தார். மூன்றே ஸ்வரங்கள்தான், ஆனால் கீச்சல் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி வாசிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

எவ்வளவு பெரிய மனது!

"கடையில ஆள் இல்லாதப்போ வாசிச்சிகினு இருப்பேன்" என்று வாத்தியத்தோடு கிளம்பிவிட்டார்.

ஆரணிக்குப் புடவை எடுக்க வருகிறவர்களே, கடைக்குள் ஏதாவது சத்தம் கேட்டால் ஓடிவிடாதீர்கள். எப்படி இருந்தது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.